மூன்றாம் நிலையம்

கண்டத்திட்டு, கண்டச்சரிவு, ஆழ்கடல் சமவெளி:
முதல் வகுப்பில் ஒரு கோடு இறங்கிக்கொண்டே போனது.
ஆயிரத்து நூறு அடி என்றால் எங்களுக்குப் போர்வெல்.
ஃபெமினா மேடம் அதற்கும் கீழே இழுத்தார்,
சாக்பீஸ் பலகையைத் தாண்டிச் சுவரில் இறங்கியது.

பொள்ளாச்சியிலிருந்து கடல் எந்தப் பக்கம் என்றார்.
பாதிப் பேர் கிழக்கே கை காட்டினோம்.
"அப்ப ஆடி மாசம் உங்க ஊட்டுத் தகரத்தைத் தூக்குற காத்து
எங்கிருந்து வருது?"
மறுநாள் கோகுலவாணி
மேற்கு ஜன்னலோரம் மாறி உட்கார்ந்தாள்.

லீவில் எனக்கு பித் களத்தில் வேலை.
மஞ்சித்தூளை மூன்று தண்ணி அலசி
பேனா மீட்டரை நட்டுப் பார்க்க வேண்டும்.
ஈசி அரைக்குக் கீழே வந்தால் ஹாலந்துக்கு;
வராவிட்டால் மறுபடியும் ஹோஸ்.
அலசின தண்ணி டீ நிறத்தில்
வாய்க்கால் வழியே எங்கோ போகும்.
எங்கே என்று நான் கேட்டதில்லை.
ஃபீல்டு ஒர்க்குக்கு அந்த மீட்டரை எடுத்துக்கொண்டேன்,
சூப்பர்வைசரிடம் சொல்லாமல்.

பொன்னானியில் பஸ் நின்றதும் யாரும் ஓடவில்லை.
படித்ததைவிடச் சத்தமாக இருந்தது கடல்.

வள்ளத்தில் ஆறு நிலையங்கள், ஆற்றுக்குள்ளிருந்து முகத்துவாரம் வரை.
பாட்டிலை அதே தண்ணியில் மூன்று முறை அலசு,
குமிழ் இல்லாமல் மூடு, சீட்டு ஒட்டு.
"இந்த ஆத்துல உங்க ஆழியாத்துத் தண்ணியும் இருக்கு" என்றார் மேடம்.
ஆழி.
பேரிலேயே கடல் இருந்திருக்கிறது.
பத்தொன்பது வருசமாக
பஸ்ஸின் நெற்றியில் மட்டும் அதை வாசித்திருக்கிறேன்.

வேலை முடிந்து, முழங்கால் தண்ணியில் நின்று,
யாருக்கும் தெரியாமல் மீட்டரைக் கடலில் இறக்கினேன்.
எண்கள் தடதடவென்று ஓடி
இடது ஓரத்தில் ஒற்றை 1 மட்டும் நின்றது.
இதற்கு மேல் எனக்குத் தெரியாது என்பதை
அது அப்படித்தான் சொல்லும்.
அலை வாங்கின மணல் காலடியில் நழுவ
நானும் கொஞ்ச நேரம் அந்த எண்ணாக நின்றேன்.

ஒற்றப்பாலம் தாண்டியதும் இருட்டு.
சேதுபிரசாத் தூக்கத்தில் கையை விட்டு
கிடைத்த பாட்டிலைத் திறந்து பாதிக்கு மேல் குடித்தான்.
லைட் போட்டுப் பார்த்தால்: நிலையம் மூன்று.
பஸ்ஸே சிரித்தது. டிரைவர் திரும்பிப் பார்த்தார்.
"ஒண்ணும் தெரியலீங்க மேடம்" என்றான்.
"எங்க ஊட்டுத் தண்ணின்னு நெனச்சேன்."

சிரிப்பு நின்ற இடத்தில்
பாலக்காட்டுக் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது.
அவன் வீட்டுக்கு மேல்பக்கம் நாலு களம்.

ஆய்வகத்தில் சொட்டுச் சொட்டாய் வெள்ளி நைட்ரேட்.
மஞ்சள், மஞ்சள், மஞ்சள்,
ஒரு சொட்டில் செங்கல் நிறம்.
இரண்டாம் நிலையம் ஆயிரத்துக்கு 0.7.
நான்காவது 9.
நடுவில் ஒரு பொத்தல்.

திங்கட்கிழமை சேது ஒரு பாட்டிலோடு வந்தான்,
"போர் தண்ணி. போட்டுப் பாரேன்."
2.3.
வளைகோட்டில் அளவெடுத்துத் தைத்தது போல் உட்கார்ந்தது.
மேடம் வெகுநேரம் பார்த்தார்.
"இது பொன்னானி இல்ல" என்று
ரப்பரை என் பக்கம் தள்ளினார்.
அழித்தேன். ரெக்கார்டில் அந்த இடம் காலி.
அடிக்குறிப்பு: மாதிரி குடிக்கப்பட்டது.

ஆனால் பாட்டிலைக் கொட்டச் சொல்லவில்லை அவர்.
ஒரு சீட்டை எடுத்துச் சேதுவிடம் கொடுத்தார்.
நிலையம்: எங்கள் வீடு, என்று எழுதினான்.
ஆழம்: 640 அடி.
ஓதம்: ஏற்றம் / இறக்கம், தேவையற்றதை அடிக்கவும்.

அதில் பேனாவை வைத்தவன்
எடுத்துவிட்டான்.
இரண்டும் அப்படியே இருக்கின்றன,
அலமாரியில், கடல்களுக்கு நடுவில்.

மீட்டரைக் கழுவித் துடைத்து
களத்து மேசையில் வைத்துவிட்டேன்.
அடுத்த லோடுக்கு ஈசி பார்க்க
நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.